எதிர் ஃப்ளாட் வெளிச்சம்

செப்டம்பர் 6, சனி

காலையிலேயே அடுப்படி மாதிரி வெயில். ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் இந்தப் பேர்லேண்டில் செப்டம்பர் என்பது காலண்டரில் மட்டும்தான். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

நாடகக் குழு மீட்டிங், சுந்தர் வீட்டில். எழுதுவது, இயக்குவது எல்லாம் அவர்தான். ஐ.டி. மேனேஜர் வேலை, அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். இந்த வருடக் கதை முடிவாகிவிட்டது. சென்னையில் மழை வெள்ளம், ஒரு அபார்ட்மென்ட், கரண்ட் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு அம்மா, அவளோடு பேச்சு நின்றுபோன மகன். இரண்டாம் பாதி முழுக்க இருட்டு. மெழுகுவத்தி மட்டும். அம்மாவாக ஹேமா அக்கா. வேறு யாரைப் போடுவது? மகனாக கார்த்திக்.

மேடை லைட் வாடகைக்கு விடும் ஆள் கேட்ட தொகையைச் சொன்னதும் எல்லோரும் மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சுந்தர் என் பக்கம் திரும்பினார்.

"சுமதி, நீங்க ட்ரிபிள் ஈ தானே?"

"அது காலேஜ்லங்க. இப்ப நான் ஆஸ்பத்திரி பில்லிங்ல உக்காந்திருக்கேன்."

"அதுக்காக கரண்ட் மாறிடுமா?"

ஒரே சிரிப்பு. மாறித்தான் இருக்கிறது. அங்கே 230 வோல்ட், இங்கே 120. யாரும் கேட்கவில்லை.

ஆக, லைட் என் தலையில். அக்டோபர் முதல் சனி நாடகம்.

ஹால்: ஸ்ட்ரிப் மால் கடைசியில் இருக்கும் டான்ஸ் ஸ்டூடியோ. முழங்கால் உயர மேடை. கூரையில் ட்யூப் லைட், ஒரே ஸ்விட்ச். போட்டால் ஆபரேஷன் தியேட்டர், அணைத்தால் குகை. நடுவில் ஒன்றும் கிடையாது.

பால், கொத்தமல்லி வாங்க மறந்தாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதிய இடைவேளையில் ஹார்டுவேர் கடை. அலுமினியக் கிண்ணம் வைத்த கிளிப் லைட், மெக்கானிக்குகள் காருக்கு அடியில் மாட்டுவார்களே, அது. பல்பு, டிம்மர், எக்ஸ்டென்ஷன் வயர், பி.வி.சி. பைப், மூன்று பெயின்ட் பக்கெட், ஒரு மூட்டை சிமென்ட் கலவை. கவுன்ட்டரில் இருந்த பெண், "ப்ராஜெக்டா?" என்றாள். நாடகம் என்றேன். "மெழுகுவத்தி கொளுத்தாதீங்க, கூரை ஸ்ப்ரிங்க்ளர்லேர்ந்து தண்ணி கொட்டிரும்" என்ற மாதிரி ஏதோ சொன்னாள். நல்லவேளை சொன்னாள். ஹாலில் நெருப்பு கூடவே கூடாதாம், பிறகு போன் செய்து கேட்டேன்.

சாயங்காலம் நிலாவோடு சேர்ந்து இரண்டு பக்கெட்டில் சிமென்ட் கொட்டி, நடுவில் பைப்பை நட்டோம். அதுதான் லைட் ஸ்டாண்ட். காய்கிறவரை ஒருத்தர் பிடிக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் மகள் பைப்பைப் பிடித்தபடியே ஹோம்வொர்க் படித்தாள். ஒரு பைப் சாய்ந்துவிட்டது.

"அம்மா, இட்ஸ் லீனிங்."

"தெரியுது. லைட்டும் சாஞ்சுதான் பாக்கணும்."

பிரபு ஆபீசிலிருந்து வந்து கராஜைப் பார்த்துவிட்டு, "நம்ம கார் எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். வெளியே நிற்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை.

குயின்சன்யேரா, அதாவது மெக்சிகன் பெண்களின் பதினைந்தாவது பிறந்தநாள், அந்தப் பார்ட்டிகளுக்குப் போகும் ஒரு டி.ஜே. தொழிலை விடுகிறாராம். அவரிடம் பழைய எல்.ஈ.டி. பார் லைட் நாலு. டப்பா மாதிரி, நிறம் மாறும், கூடவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடர் வைத்த ஒரு சின்னப் பெட்டி. பேரம் பேசியதில் பழைய டோஸ்டர் விலைக்குக் கொடுத்துவிட்டார். ஒன்றில் பச்சை வேலை செய்யாது. நமக்குப் பச்சை வேண்டாம்.

கராஜில் சோதனை. பிரபுவை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

கற்றது:
- வெள்ளை எல்.ஈ.டி. நேராக அடித்தால் நம் தோல் சாம்பல் பூசிய மாதிரி ஆகிறது. பிரபு பிணம் போல இருந்தார். அவரிடம் சொல்லவில்லை.
- மஞ்சள் கலந்த வெளிச்சம் கன்னத்துக்கு உயிர் கொடுக்கிறது.
- முன்னால் இரண்டு பக்கமும் சாய்வாக, பின்னால் ஒன்று. பின்னால் வைத்தவுடன் ஆள் சுவரிலிருந்து பிரிந்து முன்னால் வருகிறார். அடடா.
- கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பரைச் சூடாகாத லைட்டுக்கு முன் மாட்டினால் நிழலின் விளிம்பு மிருதுவாகிறது.
- எல்லா எல்.ஈ.டி. பல்பும் டிம்மருக்கு அடங்காது. சிலது துடிக்கிறது.

கண்ணாடியில் பார்த்துவிட்டு பிரபு: "சுமி, இப்படியே ஒரு போட்டோ எடு. லிங்க்ட்-இன்ல போடறேன்."

ரொம்ப நாளாயிற்று, ஒரு வேலையில் நேரம் போவது தெரியாமல் இருந்து. பில்லிங்கில் அப்படி நடந்ததே இல்லை.

செப்டம்பர் 13, சனி

ஹாலில் முதல் தடவை லைட்டோடு ஒத்திகை. மாலை 4 மணி. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினோம்.

முதல் பாதி அருமை. சுந்தர்கூட "பரவால்லயே" என்றார். இரண்டாம் பாதிக்கு நீலம் போட்டேன். மேடையில் இரவு என்றால் நீலம், எல்லா வீடியோவிலும் அப்படித்தான்.

ஹேமா அக்கா நாற்காலியில் இடித்துக்கொண்டார். மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை நாற்காலிக்கு ஒரு அடி தள்ளி உட்காரப் போனார், கார்த்திக் பிடித்தார். அக்கா சிரித்துச் சமாளித்தார்.

"மேம், நூறு தடவை பண்ண மூவ்மென்ட் இது," சுந்தர்.

"சாரி சுந்தர், மைண்ட் எங்கியோ போயிடுச்சு."

ஸ்லைடர் பெட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று தெரிந்தது. அவர் நாற்காலியைக் கண்ணால் தேடவில்லை. காலால் தேடினார்.

அவர் கணவர் வேலையாக டென்வர் போயிருந்ததால் நான் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. வெளியே வந்தபோது லேசாக இருட்டியிருந்தது. படியில் என் கையைப் பிடித்தார். கார் வரை விடவில்லை. காரில் ஏறி பெல்ட் போட்டதும் கேட்டார்.

"பாத்துட்ட இல்ல?"

"என்னக்கா?"

"மாலைக்கண்ணுடி. சும்மா வைட்டமின் குறைச்சல் எல்லாம் இல்ல, விழித்திரைல. பரம்பரையா வர்றது. இருட்டுல ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருது."

ஃபார்மசியில் வேலை செய்கிறார். அங்கே வெளிச்சம் கொட்டுவதால் பிரச்சினை இல்லையாம். சாயங்காலத்துக்கு மேல் வண்டி ஓட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். டின்னருக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பார். நாங்கள் எல்லோரும் ஹேமா அக்காவுக்குக் கொஞ்சம் கெத்து என்று பேசியிருக்கிறோம்.

"இந்த ஊர்ல வண்டி இல்லன்னா கடைத்தெரு கூட கிடையாது. ராத்திரி ஓட்ற சாவிய அவர்ட்ட குடுத்தேன், வாயத் தொறந்து யார்ட்டயும் சொல்லல. மேடைய மட்டும் விட்டுட முடியலடி. சுந்தர்ட்ட சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்றேன். நூறு தடவை பார்த்த ஃப்ரீவே திருப்பத்தைத் தவறவிட்டுச் சுற்றி வந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயில். மீனாட்சிக்கு இன்று பச்சைப் பட்டு. கருவறையில் எண்ணெய் விளக்கு மட்டும், ஆனாலும் முகம் துல்லியமாகத் தெரிகிறது. எதனால் என்று பார்த்துக்கொண்டே நின்றதில் பின்னால் இருந்த மாமி, "கொஞ்சம் நகர்றேளா?"

விளக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தில். சுற்றிலும் கறுப்புக் கல். அவ்வளவுதான். இருட்டு என்பது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன். "புதன் மதியம் லீவு போட்டு எங்க கராஜுக்கு வாங்க. என்ன தெரியுது, என்ன தெரியலன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க."

செப்டம்பர் 17, புதன்

வெளியே கொளுத்துகிறது, உள்ளே கராஜ் கதவை மூடி டேபிள் ஃபேன். இருவரும் வேர்வையில் குளித்தோம்.

ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்தோம். மங்கிய நீலம்தான் அக்காவுக்கு மோசம். எனக்கு அழகான நிலா வெளிச்சம், அவருக்குக் கிணறு. மஞ்சளும் ஆரஞ்சும் நன்றாகத் தெரிகிறது. நேராக முகத்தில் அடித்தால் கூசுகிறது.

"எல்லாம் வெள்ளையா போயிடுதுடி, மாவு கொட்டின மாதிரி."

அப்படியானால் லைட் உயரத்தில், பக்கவாட்டில். சாய்ந்த பைப் ஸ்டாண்டே இதற்குச் சரியாக அமைந்தது.

பவானி ஜமக்காளத்தை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தேன். தடிப்பானது. செருப்பில்லாமல் நடந்தால் எங்கே முடிகிறது என்று பாதத்துக்குத் தெரியும். அதன் விளிம்புக்குள் நாற்காலி, மேசை எல்லாம். விளிம்பைத் தாண்டக் கூடாது. அக்கா நாலு தடவை நடந்து பார்த்தார். ஐந்தாவது தடவை நடக்கவில்லை, நடித்தார். மகன் சாப்பிட்டானா என்று கேட்கும் இடம். ஸ்லைடரில் கை வைத்தபடி அழுவது சிரமம்.

இந்த அம்மா வேடத்துக்கு இவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ராத்திரிக்குச் சேமியா உப்புமா. நிலா முகம் சுளித்தாள்.

செப்டம்பர் 20, சனி

மோசமான நாள்.

நீலத்துக்குப் பதில் மஞ்சள் போட்டேன். சுந்தருக்குப் பிடிக்கவில்லை. "இது என்ன சுமதி, கல்யாண மண்டபம் மாதிரி? வெள்ளத்துல கரண்ட் போயிருக்கு. எனக்கு இருட்டு வேணும். சீன் முடிஞ்சா ஃபுல் ப்ளாக்அவுட்."

"கால்வாசி வெளிச்சம் வெச்சுக்கலாங்களே. ஆளுங்க நடமாட வேணாமா?"

"எல்லா நாடகத்துலயும் ப்ளாக்அவுட்ல நடமாடத்தான் செய்றாங்க. போடுங்க."

அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போட்டேன். முழு இருட்டு. கார்த்திக் வெளியே போகும் காலடிச் சத்தம் கேட்டது. இன்னொரு காலடி கேட்கவில்லை.

லைட் போட்டபோது அக்கா மேடை நடுவில் அதே இடத்தில். இரண்டு கையும் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி.

"மேம், நீங்க ஏன் போகல?"

"எங்க போறதுன்னு தெரியல சுந்தர்." குரல் நிதானம். "இருட்டுல எனக்கு கண்ணு தெரியாது. ரெண்டு மூணு வருஷமாவே. உங்க யாருக்கும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன்."

கார்த்திக்தான் திரும்ப மேடையேறி, அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

சுந்தர், "பிரேக் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பார்க்கிங் லாட்டில் வெயிலில் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு ஒத்திகை நடக்கவில்லை. எல்லோரும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்பினார்கள்.

அக்காவைக் கொண்டுபோய் விடும்போது அழுவார் என்று நினைத்தேன். ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கினார். "அப்பாடா" என்றார், ஒரு தடவை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இடி, மழை. முற்றத்தில் தண்ணீர். பிரபு துணி மடித்தார்.

சுந்தர் போன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு வாரமாத் தெரியும்."

"என்கிட்ட சொல்லிருக்கணும் சுமதி. நான் என்னன்னா எல்லார் முன்னாடியும் அவங்கள... சே. எனக்கு பயமா இருக்கு. மேடையிலேர்ந்து விழுந்தா? அம்மா ரோலுக்கு நம்ம குரூப் மீனாவ கேக்கலாம்னு இருக்கேன். டயலாக் அவங்களுக்குத் தெரியும்."

கோபம் வந்தது. ஆனால் அவர் குரலில் இருந்தது நிஜமான பயம். அதோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

"கேளுங்க. ஆனா புதன் நாலு மணிக்கு எங்க கராஜுக்கு வந்து ஒரு சீன் பாத்துட்டு, அப்புறம் கேளுங்க."

"கராஜ்லயா?"

"ஃபேன் இருக்குங்க."

செப்டம்பர் 24, புதன்

எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது.

சுந்தர் வந்தார். மீதியிருந்த பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அக்காவும் அவரும் "வாங்க", "எப்படி இருக்கீங்க" என்று யாரோ போலப் பேசிக்கொண்டார்கள். கார்த்திக் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டார்.

கதவை மூடினேன். இடது பக்கம் உயரத்திலிருந்து ஒரே ஒரு லைட், ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதன் முன்னால் அட்டையில் ஜன்னல் மாதிரி கட்டம் வெட்டி மாட்டியிருந்தேன். ஜமக்காளத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. மற்றதெல்லாம் இருட்டு. மெழுகுவத்தி என்பது டப்பாவுக்குள் பேட்டரி பல்பு.

அக்கா நடந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குள் வந்து உட்கார்ந்தார். கையால் தடவவில்லை, காலால் தேடவில்லை. கார்த்திக்குக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல்.

சீன் முடிந்ததும் சுந்தர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு, இயக்குநர் இல்லையா, கேட்டார்:

"எல்லாம் சரி. ஊரே கரண்ட் இல்லாம கிடக்கு. இந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது? ஆடியன்ஸ் கேப்பாங்களே."

நான் இதை யோசிக்கவே இல்லை.

அக்கா சொன்னார்: "எதிர் ஃப்ளாட்ல ஜெனரேட்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க."

சுந்தர் நிமிர்ந்தார். அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எங்க வீட்டுக்கு எதிர்லயே ஒருத்தன் இருந்தான் மேம்! வெள்ளம் வந்தப்போ ராத்திரி பூரா டடடடன்னு ஓடும். அவன் ஃபேன் போட்டு தூங்குவான். நானும் எங்கம்மாவும் விசிறிட்டே அவன் ஜன்னலையே பாத்து திட்டிட்டிருப்போம். நாங்க அவ்ளோ பேசினதே அப்பதான்."

சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றது. பையில் பேனா தேடினார். நான் நிலாவின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன். பக்கெட்டில் உட்கார்ந்தபடியே எழுதினார். அம்மாவும் மகனும் எதிர் ஃப்ளாட்காரனைச் சேர்ந்து திட்டுகிறார்கள். பேச்சு நின்றுபோனவர்கள் அங்கேதான் முதல் முதலாகச் சிரிக்கிறார்கள். நாடகத்தில் இத்தனை நாள் இல்லாத சீன்.

கிளம்பும்போது அக்காவிடம், "சனிக்கிழமை நான் அப்படி கேட்டிருக்கக் கூடாது மேம்."

"நானும் முன்னாடியே சொல்லிருக்கணும். விடுங்க. ப்ளாக்அவுட் கிடையாது, சரியா?"

"கிடையாது."

மீனா பேச்சே எடுக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

முழு ஒத்திகை. இடையில் யாரோ ஒரு ஆன்ட்டி காபி பாய்லரைப் போட, மேடை லைட் எல்லாம் போச்சு. ஒரே சர்க்யூட். பிரேக்கரைத் தேடி நான் ஓடினேன். இருட்டில் சுந்தர் குரல்: "யாரும் அசையாதீங்க!" அதற்குள் கார்த்திக் அம்மாவிடம் பேசுவது போலவே பேச ஆரம்பித்துவிட்டார், "இங்கதாம்மா இருக்கேன், இந்தப் பக்கம்." நான் லைட்டைக் கொண்டுவந்தபோது அக்கா அவர் தோளில் கை வைத்து நின்றார். இனி எப்போது விளக்குப் போனாலும் இதுதான் ஏற்பாடு என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

காபி இனிமேல் ஃப்ளாஸ்க்கில்தான். ஆன்ட்டிக்கு என்மேல் வருத்தம்.

வாங்க: வயர் மூட டேப், லைட் கீழே விழாமல் கட்டக் கம்பி, பேட்டரி, பிரபுவுக்குக் கறுப்புச் சட்டை (மேடைக்குப் பின்னால் நிற்கப் போகிறார்).

அக்டோபர் 4, சனி

நாடகம்.

காலையில் இட்லி இறங்கவில்லை. ஹால் நிரம்பி, பின்னால் நின்றார்கள். குழந்தைகள் சத்தம்.

முதல் பாதியில் ஒரு லைட்டை அரை நிமிடம் முன்னால் போட்டுவிட்டேன். கவனித்தது சுந்தர் மட்டும்.

இரண்டாம் பாதி. வெளிச்சத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து ஜன்னலை மட்டும் விட்டேன். பிரபு ஸ்பீக்கரில் ஜெனரேட்டர் சத்தத்தைப் போட்டார். ஹாலில் பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்கே சிரித்தார்கள், எல்லோருக்கும் ஒரு எதிர் வீட்டுக்காரன் இருந்திருக்கிறான் போல. அம்மாவும் மகனும் திட்டத் தொடங்கியதும் சிரிப்பு இன்னும் ஏறியது. பிறகு அக்கா சிரிப்பை நிறுத்தி, "சாப்பிட்டியாடா?" என்றார். ஹால் அப்படியே அடங்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் என் பக்கத்து வரிசையில். விளக்கு வந்ததும் பார்த்தால் நிலா. தமிழ் நாடகமா, போர் என்று சொன்னவள்.

முடிந்து கைதட்டல். சுந்தர் என்னை மேடைக்கு இழுத்தார். நான் கறுப்பு சுடிதாரில், தலை கலைந்து. போகட்டும்.

பின்னால் மேக்கப் கலைக்கும் இடத்தில் அக்கா.

"அங்கிருந்து எப்படிடி இருந்துது?"

"ஒண்ணுமே தெரியலக்கா. உங்க ரெண்டு பேர் முகம் மட்டும்தான். பக்கத்து சீட்ல யாருன்னு கூட தெரியல."

"அப்படியா?" கோல்ட் க்ரீம் தடவிய முகத்தோடு அவ்வளவு சந்தோஷம். "எனக்கு பட்டப்பகல் மாதிரி இருந்துது."

அக்டோபர் 5, ஞாயிறு

தூங்கி எழுந்தபோது சூரியன் நடு வானில். முதல் தடவையாகக் கொஞ்சம் குளிர்ந்த காற்று.

லைட்டெல்லாம் கழற்றி கராஜில். பரதநாட்டிய டீச்சர் ஒருவர் அரங்கேற்றத்துக்குக் கேட்டிருக்கிறார். ஒரு ஸ்கூல் பெற்றோர்-ஆசிரியர் சங்கமும். கார் இனி வெளியேதான் என்று பிரபு தெரிந்துகொண்டார். பக்கெட் ஸ்டாண்ட் இன்னும் இரண்டு வேண்டும், இந்தத் தடவை நேராக.

சுந்தர் மெசேஜ்: அடுத்த கதை தயார், இரண்டு பேர், ஒரு ரயில் பெட்டி. அதற்குக் கீழே: "லைட் எப்படி வரும்னு ஹேமா மேமோட உக்காந்து முடிவு பண்ணிட்டு எழுதறேன்."

அக்கா போன். செவ்வாய்க்கிழமை ஹூஸ்டனில் கண் டாக்டர். வருடாவருடம் எடுக்கும் டெஸ்ட், எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க. வழக்கமாகக் கணவரோடு போவார், இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டார். பயமா என்று கேட்டேன். "இருக்கு. ஆனா அதுக்காக போன் பண்ணல" என்றார். போகிற வழியில் லைட் கடை ஒன்று இருக்கிறதாம். ரயில் பெட்டிக்கு எந்த விளக்கு என்று அவரே பார்த்துத் தேர்வு செய்ய வேண்டுமாம்.

"கண்ணுல சொட்டு மருந்து போட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் தெரியாதுடி. அதனால கடைக்கு மொதல்ல போறோம்."

லீவு கேட்டாயிற்று. காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.